கேரவனில் தங்கிக்கொண்டு டெல்டாவில் ஏரிக்கரை வீடு தேடுவது எப்படி

ஏரியோரம் ஒரு வீடு வேண்டும் என்று காவிரி டெல்டாவுக்கு வண்டியைத் திருப்புகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய டெல்டாவில் ஏரி குறைவு. கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கம் எங்கு திரும்பினாலும் ஆறு, வாய்க்கால், கோயில் குளம். ஆற்றுத் தண்ணீர் நேரே வயலுக்குப் பாய்ந்த ஊர்களில் ஏரி வெட்டித் தேக்கிவைக்க அவசியம் வரவில்லை. ஏரிகள் பெரும்பாலும் டெல்டாவின் ஓரங்களில்தான் இருக்கின்றன. தெற்கே கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் நூற்றுக்கணக்கில் உண்டு. அந்தக் கால்வாயை அங்கே எல்லோரும் ‘புது ஆறு’ என்பார்கள், வழி கேட்கும்போது நினைவிருக்கட்டும். வடக்கே கொள்ளிடம் தாண்டினால் காட்டுமன்னார்கோயிலில் வீராணம். மேற்கே அரியலூர் மாவட்டத்தில் கரைவெட்டி. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் சுமார் 25 கிலோமீட்டரில் வடுவூர்.

நானும் என் மனைவியும் பழைய டெம்போ டிராவலர் ஒன்றில் படுக்கையும் அடுப்பும் வைத்துக்கொண்டு பதினான்கு மாதம் இந்தப் பக்கம் வீடு தேடினோம். லாட்ஜில் தங்கி, பகலில் வந்து வீடு பார்த்துவிட்டுப் போயிருந்தால் மூன்று முறையாவது ஏமாந்திருப்போம். ஏரிக்கரை வீட்டில் பார்க்க வேண்டியது சுவரையும் கூரையையும் விடத் தண்ணீரைத்தான். அது எப்போது வரும், எது வரைக்கும் வரும், எந்த வழியாக வடியும் என்று தெரிந்துகொள்ள அந்த ஊரில் காத்துக் கிடக்க வேண்டும். வண்டி இருந்தால் காத்துக் கிடக்கலாம்.

வண்டி

நீளம் 20 அடிக்குள் இருக்கட்டும். ஆற்றங்கரைச் சாலைகளில் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல், எதிரே அறுவடை இயந்திரம் வந்தால் நீங்கள்தான் பின்னால் போக வேண்டும். உயரத்தை ஒரு காகிதத்தில் எழுதி ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டிவையுங்கள். தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி, ஊர் முகப்பு வளைவு, திருவிழாப் பந்தல் மூன்றும் தெருவுக்குத் தெரு உண்டு. வேனின் உள்ளமைப்பை மாற்றியிருந்தால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நேரும்போது காப்பீட்டுக்காரர்கள் கைவிரித்துவிடுவார்கள்.

மார்ச், ஏப்ரலில் வந்தால் சாலையில் உளுந்துச் செடியைப் பரப்பி வைத்திருப்பார்கள், வண்டி ஏறி மணி உதிரட்டும் என்று. மெதுவாக ஏறி இறங்குங்கள். தாண்டியதும் நிறுத்தி, குனிந்து அடியில் பாருங்கள். அச்சில் சுற்றிய காய்ந்த கொடி சூடேறினால் தீப்பிடிக்கும்.

அப்புறம் களிமண். மழை பெய்த மறுநாள் தார்ச்சாலையை விட்டு ஒரு சக்கரம்கூட இறக்காதீர்கள். மேலே காய்ந்தது போலத்தான் இருக்கும். நாங்கள் ஒரு மனை பார்க்கப் போய் வரப்போரம் நிறுத்திவிட்டு வந்து பார்த்தால், பின்சக்கரம் இரண்டும் பாதி உள்ளே. பக்கத்து வயலில் உழுதுகொண்டிருந்த தம்பி டிராக்டரைக் கொண்டுவந்து இழுத்தார். காசு வாங்கவில்லை. “மனை வாங்கினாலும் இந்த மண்ணுலதானே சார் அஸ்திவாரம் போடணும்” என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த மனையை நாங்கள் மறுபடி போய்ப் பார்க்கவில்லை.

எப்போது வருவது

இரண்டு முறை வர வேண்டும். ஒரே முறை வந்து முடிவு செய்தால் பாதி ஏரியைத்தான் பார்த்திருப்பீர்கள்.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். ஏரிகள் நிரம்புவதும் வற்றுவதும் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான். வடுவூர் ஏரி மார்கழியில் பார்த்தால் கடல். சித்திரையில் பார்த்தால் மாடு மேயும் தரை. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில், ஒரு தங்கல் போடுங்கள். அப்போது தண்ணீர் நிற்கும் கோடு தெரியும். ஏப்ரல், மே மாதத்தில் இன்னொரு தங்கல். அப்போது ஏரியின் எல்லைக் கல் வெளியே தெரியும், கிணறும் போரும் எவ்வளவு தாங்குகின்றன என்று தெரியும்.

வீராணத்தின் பக்கம் பார்க்கிறவர்கள் மேட்டூரை மட்டும் நம்பிக் கணக்குப் போட வேண்டாம். கொள்ளிடத்தின் குறுக்கே நிற்கும் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வரும் தண்ணீர் ஒரு பங்கு. (தஞ்சாவூர் ஊருக்குள் ஓடும் வடவாறு வேறு.) அரியலூர்ப் பக்கம் மழை கொட்டினால் செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் பெருக்கெடுத்து ஏரிக்குள் வந்து விழும். ஏரியின் முழு மட்டம் 47.5 அடி. அதை நெருங்கினால் உபரியைத் திறந்துவிடுவார்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வாசலுக்குத் தண்ணீர் வரலாம்.

ஏரியைப் படித்துக்கொள்ளுங்கள்

வீட்டுக்குள் நுழையும் முன் ஏரியை ஒரு சுற்று நடந்து வாருங்கள். நான்கு இடங்களை அடையாளம் காண வேண்டும்: தண்ணீர் வந்து சேரும் வரத்து வாய்க்கால், பாசனத்துக்குத் திறக்கும் மதகு, மிச்சத் தண்ணீர் வழியும் கலிங்கு, மண்ணால் எழுப்பிய கரை.

கரைக்கு வெளிப்புறம், மதகுப் பக்கம் இருக்கும் வீடுகள் ஏரித் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. காற்றும் பசுமையும் அங்கேதான் அழகு. கரையில் கசிவு கண்டால் முதலில் நனைவதும் அங்கேதான். எதிர்ப்பக்கம், தண்ணீர் மெல்லப் பரவி நிற்கும் இடத்தை உள்வாய் என்பார்கள். வற்றிய மாதத்தில் அது நல்ல மனை போலவே தெரியும். தரகர்கள் கோடையில் காட்டுவது பெரும்பாலும் இந்த நிலத்தை. கலிங்கிலிருந்து போகும் ஓடையின் இரண்டு ஓரமும் வேண்டாம்.

பின்னே எங்குதான் வாங்குவது? மேட்டில். நம் முன்னோர் ஊர் நத்தத்தை, அதாவது குடியிருப்பு நிலத்தை, கண்ட இடத்தில் வைக்கவில்லை. பழைய கோயிலும் பழைய தெருவும் எங்கே இருக்கிறதோ அதுதான் அந்த ஊரின் மேடு. வயல்களுக்கு நடுவே தீவு போல உயர்ந்து நிற்கும் குடியிருப்பைத் திடல் என்பார்கள். ஊர்ப் பெயரிலேயே திடல் என்று வந்தால் வண்டியை நிறுத்தி விசாரியுங்கள். ‘படுகை’ என்று வந்தால், அது ஆற்றுக்கும் ஆற்றின் கரைக்கும் நடுவில் உள்ள நிலம். கொள்ளிடத்தில் 2018-லும் 2022-லும் வெள்ளம் வந்தபோது படுகைக்காரர்கள் பட்ட பாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வடுவூர், கரைவெட்டி இரண்டும் பறவைகள் சரணாலயம். வடுவூர் 2022-லும் கரைவெட்டி 2024-லும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. அங்கே ஏரிக்குள்ளும் கரையிலும் வனத்துறையின் ஆட்சி. இரவில் கரையில் வண்டி நிறுத்தக் கூடாது. சுற்றுப்புறத்தில் கட்டடம் கட்ட என்ன கட்டுப்பாடு என்று வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். பறவை வரும் மாதங்களில் ஒலிபெருக்கி, வெடி, பளிச்சென்ற விளக்கு எதுவும் வேண்டாம். அந்தப் பறவைகளுக்காகத்தானே நாமும் வருகிறோம்.

ராத்தங்கல்

எந்த ஊரிலும் முதல் வேலை டீக்கடை. இறங்கி, டீ சொல்லி, எங்கிருந்து வருகிறோம், எதற்கு வந்திருக்கிறோம் என்று நாமே சொல்லிவிட வேண்டும். அடுத்தது ஊராட்சித் தலைவர், அப்புறம் வி.ஏ.ஓ. இரவில் ஜன்னல் மூடிய வேன் ஊரோரம் நின்றால் ஊர் தூங்காது. அவர்கள் சந்தேகப்படுவது நியாயம்.

நிறுத்துவதற்கு எங்கள் அனுபவத்தில் சிறந்த இடம் அரிசி ஆலைக் களம். சிமென்ட் தரை, சக்கரம் புதையாது. தண்ணீர்க் குழாய் உண்டு. காவலுக்கு ஆளும் இருப்பார். அவித்த நெல் காயாத நாட்களில் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். கல்யாண மண்டபத்தின் பின்புறம், பெரிய பெட்ரோல் பங்க் ஆகியவை அடுத்தபடி. அறுவடைக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையத்தின் பக்கம் போகவே வேண்டாம், மூட்டையும் லாரியுமாக வழியை அடைத்திருக்கும். ஏரிக்கரை மேல் நிறுத்துவது தவறு. அது மண் கரை, நீர்வளத் துறையுடையது, நம் வண்டியின் எடைக்குப் போட்டதல்ல. தென்னை மரத்தடியும் வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே இரவில் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தோப்புகளை எப்படிச் சாய்த்தது என்று அங்குள்ள எவரும் சொல்வார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் வீடு தேடுவதை விட்டுவிட்டுத் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ போய்விடுங்கள்.

கழிவறைத் தொட்டியை வாய்க்காலில் திறந்துவிடாதீர்கள். கீழ்மடையில் அதே தண்ணீரில் பிள்ளைகள் குளிப்பார்கள், மாடு குடிக்கும். மண்டபத்திலோ பங்க்கிலோ அனுமதி கேட்டு அவர்களுடைய செப்டிக் டேங்கில் ஊற்றுங்கள், கேட்டதைக் கொடுங்கள்.

பிடித்த வீடு ஒன்று கிடைத்ததும், உரிமையாளரிடம் சொல்லிவிட்டு அந்தத் தெருவிலேயே மூன்று இரவு தங்குங்கள். வண்டியில் வந்ததன் முழுப் பலனும் இந்த மூன்று இரவில்தான். சாயங்காலம் ஏழு மணிக்கு மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறதா? மின்னழுத்தம் குறைவு. காற்று திரும்பினால் அரிசி ஆலையின் உமிச் சாம்பல் வந்து விழுகிறதா? கொசு எத்தனை மணிக்கு அடங்குகிறது? மழை பெய்தால் இன்னும் நல்லது. குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, விடிவதற்குள் வடிந்ததா என்று பாருங்கள். ஒரு வீட்டை நாங்கள் வேண்டாம் என்று முடிவு செய்தது அப்படித்தான். விடிந்து பத்து மணிக்கும் அந்த வாசலில் தவளை கத்திக்கொண்டிருந்தது.

வீட்டைப் பார்ப்பது

வடுவூரிலிருந்து சிறிது தள்ளி ஓர் ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, முற்றம், தேக்கு உத்திரம். கொல்லையில் நின்றால் ஏரி. மனைவிக்கு அப்போதே மனம் அங்கே குடியேறிவிட்டது. சுவர் முழுக்கப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். பக்கத்து வீட்டுத் திண்ணையில் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அப்பாயி என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, அந்தச் செவுத்துல இடுப்பு மட்டத்துல சுரண்டிப் பாரு.”

வண்டிச் சாவியால் சுரண்டினேன். வெள்ளை ஒரு தாளைப் போலப் பெயர்ந்து வந்தது. அடியில் உப்புப் பூத்து, சாந்து ஈரமாக, விரலில் மாவு போல ஒட்டியது. ஒரு முழம் மேலே சுரண்டினால் கல் போலக் கெட்டி. ஈரத்துக்கும் கெட்டிக்கும் நடுவில் கோடு கிழித்த மாதிரி எல்லை, சுவர் நெடுகிலும்.

“நிஷாப் புயல்ல தண்ணி நின்ன மட்டம் அது. ஒம்போது நாளு நின்னுச்சு. அவன் வெள்ளை அடிச்சா செவுறு மறந்துருமா?”

2008 நவம்பரில் வந்த புயல் அது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் இடுப்பு மட்டத்தில் தடவிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் “தண்ணி வருமா?” என்று கேட்காதீர்கள். வராது என்றுதான் சொல்வார்கள், விற்பவர் அவர்களுக்குச் சொந்தமாகவோ பங்காளியாகவோ இருப்பார். “நிஷாவில எது வரைக்கும் வந்துச்சு? கஜாவில கரண்ட் எத்தனை நாள் இல்லை?” என்று கேளுங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் ஞாபகம் வந்து கதையாகச் சொல்லிவிடுவார்கள்.

மற்றவை சுருக்கமாக. மூலையில் சாய்வாக ஓடும் விரிசல் இருந்தால் களிமண் உப்பிச் சுருங்கி அஸ்திவாரத்தை அசைக்கிறது என்று அர்த்தம்; கொத்தனாரை அழைத்துக் காட்டுங்கள். உத்திரத்தைத் தட்டிப் பாருங்கள், பொத்தென்று கேட்டால் உள்ளே கரையான். போர்த் தண்ணீரை வாயில் ஊற்றிப் பாருங்கள், அப்புறம் பரிசோதனைக்கும் கொடுங்கள். கடலை நெருங்க நெருங்க, வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம், நிலத்தடி நீர் உப்பு.

“நீங்க என்ன ஆளுங்க?” என்று சில தெருக்களில் கேட்பார்கள். ஊரைக் கேட்கவில்லை, சாதியைக் கேட்கிறார்கள். நாங்கள் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டோம். அந்தக் கேள்வி இல்லாமல் வீடு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களைத் தேடுங்கள்.

காகிதம்

இதில் அவசரம் கூடவே கூடாது. விற்பவரிடம் முதலில் புல எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் வாங்குங்கள். வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பட்டா, ‘அ’ பதிவேடு, புலப்படம் (நிலத்தின் அளவும் எல்லையும் காட்டும் வரைபடம்) மூன்றையும் நீங்களே எடுக்கலாம். ‘அ’ பதிவேட்டில் நிலத்தின் வகை இருக்கும்: நன்செய், புன்செய், நத்தம், புறம்போக்கு. புறம்போக்கு என்று இருந்து, ஏரி, வாய்க்கால், குளம் என்ற சொல் எதுவும் பக்கத்தில் வந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். நீர்நிலையில் வீடு கட்டி முப்பது வருடம் வரி கட்டியிருந்தாலும், மின் இணைப்பு இருந்தாலும் அது உரிமை ஆகாது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது.

ஒரு தரகர் எங்களுக்கு ஏழு சென்ட் மனை ஒன்றைக் காட்டிப் பட்டா நகலும் கொடுத்தார். மனைவி புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லைக் கல்லிலிருந்து அடி எண்ணி நடந்தார். பட்டாவில் இருந்த எண் சாலைக்கு அந்தப்பக்கம். நாங்கள் நின்றுகொண்டிருந்த இடம் அடுத்த எண், ‘அ’ பதிவேட்டில் ஏரி. கோடையில்தான் அந்தக் கல் தெரிந்தது. மழையில் வந்திருந்தால் கல் தண்ணீருக்குள். பணம் கொடுக்கும் முன் அரசு சர்வேயரை வைத்து அளக்காமல் இருக்காதீர்கள்.

டெல்டாவுக்கே உரிய இன்னொரு விஷயம் அடிமனை. இங்கே ஊருக்கு ஊர் கோயில் நிலமும் ஆதீன நிலமும் உண்டு. வீடு அவருடையது, வீடு நிற்கும் மண் கோயிலுடையது, மண்ணுக்கு மாத வாடகை. விற்பவர் இதை மறைப்பார் என்றில்லை, ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று சொல்லாமலே விட்டுவிடுவார். பட்டாவில் சுவாமி பெயர் இருந்தால் நீங்கள் வாங்குவது கட்டடத்தை மட்டும். அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் மண்ணை யாரும் விற்க முடியாது. வங்கிக் கடன் கிடைப்பதும் கடினம். வாடகை பாக்கி இருக்கிறதா, பெயர் மாற்றித் தருவார்களா என்று கோயில் அலுவலகத்தில் கேட்டபிறகு முடிவு செய்யுங்கள்.

வில்லங்கச் சான்று குறைந்தது 30 வருடத்துக்குப் பாருங்கள். தாய்ப்பத்திரத்தை ஒரு வழக்கறிஞரிடம் படிக்கக் கொடுங்கள், பாகம் பிரியாத பங்காளிகள் இருந்தால் அவர்தான் கண்டுபிடிப்பார். வீட்டுக்குப் பதில் மனை வாங்குவதாக இருந்தால் மனைப்பிரிவு அங்கீகாரம் கேளுங்கள். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு போட்ட அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுக்கு, பின்னால் அங்கீகாரம் தரும் வரன்முறைத் திட்டத்தில் இடமில்லை. நன்செய்யில் வீடு கட்ட மாவட்ட ஆட்சியர் வரை போக வேண்டும், அதைவிட நத்தத்தில் பழைய வீடே மேல்.

விலையைக் குழிக் கணக்கில் சொல்வார்கள். ஒரு குழி 144 சதுர அடி. மூன்று குழி ஏறத்தாழ ஒரு சென்ட். நூறு குழி ஒரு மா, மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. “குழி என்ன விலை?” என்று கேட்டாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

வாங்கும் முன் குடியிருந்து பாருங்கள்

உடனே வாங்காதீர்கள். வாடகைக்கோ போக்கியத்துக்கோ ஒரு மழைக்காலம் குடியிருங்கள். போக்கியம் என்றால் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது, காலம் முடிந்ததும் தொகை திரும்ப வரும். பேச்சளவில் கொடுக்காமல் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். அதற்கு முன் அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இல்லை என்று வில்லங்கத்தில் பார்த்துவிடுங்கள்.

நாங்கள் ஒரு திடலில், ஏரியிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி, அப்படித்தான் ஒரு வருடம் இருந்தோம். கொல்லையிலிருந்து ஏரி தெரியாது. மார்கழி விடியற்காலையில் பறவைச் சத்தம் மட்டும் வரும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் வாசல் படியில் தண்ணீர் ஏறவில்லை. தை பிறந்ததும் கிரயம் பேசினோம்.

பதிவு முடிந்து பட்டா உங்கள் பெயருக்கு மாறும் வரை வண்டியை விற்றுவிடாதீர்கள். உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் சர்வேயர் வந்து போக நாளாகும். அதுவரை வாரம் ஒரு முறை இன்ஜினை ஓட்டிவையுங்கள். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் மட்டும் நிறுத்த வேண்டாம். எங்களுடையதை அங்கேதான் நிறுத்தினோம், பத்தே நாளில் எலி ஒயரைக் கடித்துவிட்டது.